ஹெட் கேஸ்கெட்டும் எட்டு போல்ட்டும்

பௌர்ணமி சாயங்காலம் திண்டிவனம் ரோட்டில் திருவண்ணாமலைக்குள்ள வண்டி ஓட்டியிருக்கீங்களா? ஓட்டுறதுன்னு அதைச் சொல்ல முடியாது. பத்தடி நகரும், அஞ்சு நிமிஷம் நிக்கும். முதல் கியர், நியூட்ரல், மறுபடி முதல் கியர். அப்படி ஒரு பௌர்ணமியில்தான் எங்க அப்பாவோட ஆம்னி வேன் படுத்துச்சு. உள்ள ஏழு பேர், எல்லாரும் கிரிவலம் வந்தவங்க. டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுச்சு, சீட்டுக்கு அடியில் இருந்து ஆவி வந்துச்சு, அவ்வளவுதான். வந்தவங்க இறங்கி நடந்தாங்க. அப்பா அவங்க காசைத் திருப்பிக் கொடுத்துட்டு வண்டியை ஓரங்கட்டினார்.

"ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு"ன்னு ஒர்க்‌ஷாப்பில் சொன்னாங்க. மாத்தினாங்க. நாற்பது நாள் கூட ஆகல, அதே வேலை மறுபடியும்.

நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். மெஷின் டிசைன் பேப்பரில் போல்ட் கணக்கு போட்டு பாஸ் பண்ணவன். ஆனா புது கேஸ்கெட் ஏன் நாற்பது நாளில் போச்சுன்னு அப்பா கேட்டப்போ என்கிட்ட பதில் இல்ல. அதைத் தேடிப் போய் நான் கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன். நாளைக்கு உங்க வீட்டு வண்டிக்கோ, ப்ராஜெக்ட் எஞ்சினுக்கோ இது உதவும்.

இந்தத் தகடு என்ன வேலை செய்யுது?

எஞ்சினோட கீழ்ப்பாதி பிளாக், மேல்பாதி சிலிண்டர் ஹெட். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கெட். பழைய எஞ்சின்களில் நார், கிராஃபைட் மாதிரியான பொருளோட தகடு சேர்ந்து இருக்கும். இப்போ வர்ற பெரும்பாலான எஞ்சின்களில் பல அடுக்கு ஸ்டீல் தகடு.

இது ஒரே நேரத்துல மூணு பேரைப் பிரிச்சு வைக்கணும். ஒண்ணு, சிலிண்டருக்குள்ள எரியுற வாயு. ரெண்டு, சுத்தி ஓடுற கூலன்ட். மூணு, மேல ஏறி இறங்குற ஆயில். இந்த மூணில் எந்த ரெண்டு கலந்தாலும் வண்டி படுத்துடும்.

ஆம்னியோட எஞ்சின் மாருதி 800-ல் இருந்த அதே 796 சிசி, மூணு சிலிண்டர் எஞ்சின். 1984-ல் வந்த வண்டி, 2019-ல் உற்பத்தி நின்னுபோச்சு. நம்ம ஊர் ரோட்டில் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. சிலிண்டர் விட்டம் 68.5 மி.மீ. எரியும்போது உச்ச அழுத்தம் 50 பார்னு ஒரு கணக்குக்கு வெச்சுக்கங்க. அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கினா, ஹெட்டை மேல தூக்குற விசை ஒரு சிலிண்டருக்குக் கிட்டத்தட்ட 1.9 டன். எஞ்சின் நிமிஷத்துக்கு 3600 சுத்து ஓடினா, ஒவ்வொரு சிலிண்டரிலும் இது நொடிக்கு 30 தடவை நடக்குது. இந்தத் தூக்கலைத் தாங்கி, அதுக்கும் மேல கேஸ்கெட்டை அழுத்திப் பிடிச்சிருக்கிறது ஹெட் போல்ட்டுகள். எங்க எஞ்சினில் எட்டு.

போயிடுச்சுன்னு எப்படித் தெரியும்?

- ஆயில் டிப்ஸ்டிக்கிலோ மூடியிலோ டீ நிறத்தில் நுரை. தண்ணியும் ஆயிலும் கலந்திருக்கு.
- எஞ்சின் சூடான பிறகும் புகைக்குழாயில் இருந்து நிக்காம வெள்ளைப் புகை. கூலன்ட் எரியுது.
- வெளிய எங்கயும் ஒழுகல, ஆனா கூலன்ட் குறைஞ்சுக்கிட்டே போகுது.
- வண்டி ஸ்டார்ட் பண்ண கொஞ்ச நேரத்திலேயே ரேடியேட்டர் ஹோஸ் கல்லு மாதிரி இறுகுது, ரிசர்வாயரில் குமிழி வருது. எரியுற வாயு தண்ணிக்குள்ள போகுது.
- கம்ப்ரெஷன் டெஸ்ட்டில் பக்கத்து பக்கத்து சிலிண்டர் ரெண்டும் குறைவா காட்டுது. நடுவுல இருக்கிற தடுப்பு போயிருக்கு.

இதில் ஒண்ணை மட்டும் பாத்துட்டு முடிவுக்கு வராதீங்க. ஹெட்டில் விரிசல் இருந்தாலும் இதே அறிகுறிகள் வரும். குளிர்காலக் காலையில் கொஞ்ச நேரம் வர்ற வெள்ளைப் புகை வெறும் ஆவி, அதுக்குப் பயப்பட வேண்டாம். முக்கியமா ஒண்ணு: சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க. அழுத்தத்துக்குள்ள இருக்கிறதால் தண்ணி 100 டிகிரி தாண்டியும் கொதிக்காம இருக்கும். மூடியைத் திறந்த நொடி கொதிச்சு முகத்தில் அடிக்கும்.

சூடு என்ன பண்ணுது?

ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு, போல்ட் ஸ்டீல். சூடானா அலுமினியம் இரும்பை விட ரெண்டு மடங்கு விரியும். 30 செ.மீ. நீளமுள்ள ஹெட், 80 டிகிரி ஏறினா, சுமார் 0.55 மி.மீ. நீளும். கீழ இருக்கிற இரும்பு பிளாக் 0.26 மி.மீ. தான் நீளும். நடுவுல மாட்டின கேஸ்கெட் ஒவ்வொரு தடவையும் இந்தத் தேய்ப்பைத் தாங்குது. அது வழக்கமான சூடு, அதுக்குத்தான் அதை வடிவமைச்சிருக்காங்க.

அளவு மீறி சூடானா கதை வேற. அலுமினியம் உயரத்திலும் விரியப் பாக்கும், மேல இருந்து ஸ்டீல் போல்ட் விடாது. நடுவுல கேஸ்கெட் நசுங்கும், சில இடத்துல அலுமினியமே அமுங்கிடும். எஞ்சின் ஆறினதும் எல்லாம் சுருங்கும். ஆனா நசுங்கினது பழையபடி எழும்பாது. அப்போ போல்ட்டோட பிடி குறைஞ்சு போகுது. அதனாலதான் பல வண்டிகளில் சூடான அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, பத்து நாள் கழிச்சு தண்ணி குறைய ஆரம்பிக்கும்.

போல்ட் ஒரு ஸ்பிரிங்

இந்தக் கட்டுரையில் ஒண்ணே ஒண்ணை ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்கங்க: போல்ட்டை இறுக்குறதுன்னா அதை இழுத்து நீட்டுறது. நீண்ட போல்ட் திரும்பச் சுருங்கப் பாக்கும். அந்தச் சுருங்குற விசைதான் ஹெட்டை அழுத்திப் பிடிக்குது.

எவ்வளவு நீளும்? 10 மி.மீ. போல்ட், நீளுற பகுதி 90 மி.மீ., இழுவிசை 30 கிலோநியூட்டன், அதாவது 3 டன். மெட்டீரியல்ஸ் பேப்பரில் படிச்ச அதே சூத்திரத்தில் போட்டா நீட்சி சுமார் 0.22 மி.மீ. ரெண்டு ஜெராக்ஸ் தாளோட தடிமன். மூணு டன் பிடி மொத்தமும் அந்த ரெண்டு தாள் அளவு நீட்சியில்தான் இருக்கு.

இப்போ ஒரு சின்னக் கேள்வி. பழைய கேஸ்கெட் துணுக்கு ஒண்ணு 0.05 மி.மீ. தடிமனில் ஹெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கு. நீங்க இறுக்கிட்டீங்க. ஒரு வாரத்தில் அந்தத் துணுக்கு நசுங்கிப் போச்சு. என்ன ஆகும்? 0.22-ல் 0.05 போச்சு. அந்தப் போல்ட்டோட பிடியில் கிட்டத்தட்ட கால்பங்கு காலி. முடியை விட மெல்லிசான ஒரு அழுக்கு, முக்கால் டன்னைத் தின்னுடுச்சு.

டார்க் ரெஞ்ச் எதை அளக்குது?

நமக்கு வேணும்னது போல்ட்டோட இழுவிசை. டார்க் ரெஞ்ச் காட்டுறது அதை இல்ல, நாம திருப்புற பலத்தை. ரெண்டுக்கும் நடுவுல உராய்வு உட்கார்ந்திருக்கு. நாம போடுற டார்க்கில் சுமார் பாதி போல்ட் தலைக்கு அடியில் உராய்வா போயிடும். இன்னொரு 40 சதவீதம் மரையில் போயிடும். மிச்சம் 10 சதவீதம்தான் போல்ட்டை நீட்டுது.

செமஸ்டரில் எழுதின சூத்திரம்தான்:

டார்க் = டார்க் கெழு × போல்ட் விட்டம் × இழுவிசை

60 நியூட்டன் மீட்டர் டார்க், 10 மி.மீ. போல்ட்னு வெச்சுப் போடுங்க. (இது உதாரணம். உங்க எஞ்சினுக்கு சர்வீஸ் மேனுவலில் என்ன இருக்கோ அதுதான் சட்டம்.)

- சாதாரண உலர்ந்த மரை, கெழு 0.2: இழுவிசை 3 டன்.
- துருவும் மண்ணும் பிடிச்ச மரை, கெழு 0.3: 2 டன்.
- நல்லா ஆயில் போட்ட மரை, கெழு 0.15: 4 டன்.

மூணு தடவையும் ரெஞ்ச் ஒரே மாதிரி 'டிக்'னு சொல்லும். ஆனா ஒண்ணு ரெண்டு டன், இன்னொண்ணு நாலு டன். மரையைச் சுத்தம் பண்ணணும், மேனுவல் ஆயில் போடச் சொன்னா மட்டும் போடணும்னு சொல்றது இதுக்குத்தான்.

உராய்வோட இந்த விளையாட்டைத் தவிர்க்க, புது எஞ்சின்களில் வேற வழி வெச்சிருக்காங்க. முதல்ல குறைஞ்ச டார்க்கில் இறுக்கி எல்லாத்தையும் உட்கார வைக்கணும். அதுக்கப்புறம் டார்க்கைப் பாக்காம 90 டிகிரி, திரும்ப 90 டிகிரின்னு கோணத்தில் திருப்பணும். 1.25 மி.மீ. மரையில் 90 டிகிரி திருப்பினா போல்ட் 0.31 மி.மீ. முன்னேறும். உராய்வு கூடினாலும் குறைஞ்சாலும் அந்த அளவு மாறாது. இப்படி இறுக்குற போல்ட்டுகளில் பல, எல்லையைத் தாண்டி நிரந்தரமா நீண்டுடும். அதைத் திரும்பப் போடக்கூடாது, புதுசுதான் வாங்கணும்.

வேலை வரிசை

1. ஆறட்டும். எஞ்சின் முழுசா ஆறின பிறகுதான் போல்ட்டில் கை வைக்கணும். சூட்டோட கழட்டினா ஹெட் வளையும். பேட்டரி நெகட்டிவ்வைக் கழட்டுங்க, கூலன்ட்டை வடிங்க. ஒவ்வொரு கட்டத்திலும் போனில் போட்டோ எடுங்க. டைமிங் பெல்ட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி குறிகளைச் சேர்த்து வெச்சுக்கங்க.

2. கழட்டுறதுக்கும் வரிசை உண்டு. இறுக்குற வரிசைக்கு நேர் எதிர்: வெளியில் இருந்து உள்ளே. ஒரேயடியா ஒண்ணைக் கழட்டாம, எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா தளர்த்துங்க. ஹெட் ஒட்டிக்கிச்சுன்னா நடுவுல ஸ்க்ரூட்ரைவர் விட்டு நெம்பாதீங்க. அந்தக் கீறல் வழியாவே அடுத்த ஒழுகல் ஆரம்பிக்கும்.

3. பழைய கேஸ்கெட்டைப் படிங்க. தூக்கிப் போடாதீங்க. எந்த இடத்தில் கருகியிருக்கு, எங்க அரிச்சிருக்குன்னு பாருங்க. ரெண்டு சிலிண்டருக்கு நடுவுல கறுப்புத் தடம் இருந்தா, ஹெட்டில் அதே இடத்தைக் கவனமா சோதிக்கணும்.

4. சுத்தம். பிளாஸ்டிக் சுரண்டி போதும். கிரைண்டரில் எமெரி டிஸ்க் மாட்டித் தேய்க்கிற பழக்கம் வேண்டாம். அலுமினியத்தில் பள்ளம் விழும், தூள் ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்னும். பிளாக்கில் இருக்கிற போல்ட் துளைகளைக் காத்தடிச்சு சுத்தம் பண்ணுங்க, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கங்க. அடி மூடின துளையில் தண்ணியோ ஆயிலோ தேங்கி நின்னா, போல்ட் இறங்கும்போது அது போக வழியில்லாம பிளாக்கையே பிளந்துடும்.

5. சமதளம். ஹெட்டோட அடிப்பரப்பில் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வெச்சு, அடியில் ஃபீலர் கேஜ் நுழையுதான்னு பாருங்க. நீளவாக்கில், குறுக்குவாக்கில், ரெண்டு மூலைவிட்டத்தில். சின்ன எஞ்சின்களில் வழக்கமா அனுமதிக்கிறது 0.05 மி.மீ. அளவுதான். மீறினா லேத் பட்டறையில் சர்ஃபேஸிங் பண்ணணும். பிளாக்கின் மேல்பரப்பையும் இதே மாதிரி பாருங்க.

6. வைக்கிறது. கேஸ்கெட்டில் எந்தப் பக்கம் மேல வரணும்னு குறி இருக்கும். துளைகள் பிளாக்கோட பொருந்துதான்னு பாருங்க. மேனுவல் சொல்லாம கிரீஸ், பேஸ்ட் எதுவும் தடவாதீங்க. ஹெட்டை நேரா இறக்குங்க, கேஸ்கெட் மேல இழுத்து நகர்த்தாதீங்க.

7. இறுக்குறது. நடுவுல ஆரம்பிச்சு, சுழல் மாதிரி வெளியே போகணும். காரணம் உங்களுக்கே தெரியும். போனுக்கு டெம்பர்டு கிளாஸ் ஒட்டும்போது நடுவுல அழுத்தி ஓரத்துக்குத் தள்ளுவீங்கல்ல? ஓரத்தை முதல்ல ஒட்டினா குமிழி நடுவுல மாட்டிக்கும். இங்கயும் அப்படித்தான். ஓரத்தை முதல்ல பூட்டினா ஹெட் நடுவுல லேசா எழும்பி நிக்கும்.

மூணு சுத்தா இறுக்குங்க. இறுதி அளவு 60-னா முதல்ல 20, அப்புறம் 40, அப்புறம் 60. ஒரு போல்ட்டை இறுக்கினா கேஸ்கெட் அந்த இடத்தில் அமுங்கும், பக்கத்து போல்ட்டோட இழுவிசை குறையும். அதனால ஒரே சுத்தில் முழு அளவுக்குப் போனா முதல்ல இறுக்கினது தளர்ந்து நிக்கும். நம்ம ஊர் தேர் வடம் மாதிரிதான். எல்லாரும் ஒரே நேரத்துல, ஒரே அளவுக்கு இழுத்தாத்தான் தேர் நேரா வரும். ஒரு பக்கம் மட்டும் பலமா இழுத்தா தேர் வீட்டுத் திண்ணையில் போய் நிக்கும்.

ரெஞ்சைக் கைப்பிடியில் பிடிச்சு, வெட்டி இழுக்காம ஒரே சீரா இழுங்க. ஒரு 'டிக்' போதும். சந்தேகத்துக்கு இன்னொரு தடவை 'டிக்' வாங்குறது அளவைக் கூட்டுறதுதான். பைப் சொருகி நீட்டாதீங்க. வேலை முடிஞ்சதும் ரெஞ்சைக் குறைஞ்ச அளவுக்குத் திருப்பி வைங்க.

எங்க வண்டிக்கு என்ன நடந்துச்சு?

ரெண்டாவது தடவை வண்டியை வேற ஒரு பட்டறைக்குக் கொண்டு போனோம். அங்க இருந்த அண்ணன் என்னையும் கூட நிக்கச் சொன்னார். ஹெட்டைக் கழட்டி ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வெச்சார். 0.10 ஃபீலர் நடுவுல தாராளமா நுழைஞ்சுது. முதல் தடவை இதை யாரும் பாக்கவே இல்ல. போல்ட் மரையில் பழைய அழுக்கு அப்படியே இருந்துச்சு. கை அளவிலேயே இறுக்கியிருந்தாங்க.

அனுபவப்பட்ட கை தப்புன்னு நான் சொல்ல வரல. அந்தக் கை எட்டு போல்ட்டையும் ஒரே பலத்தில் திருப்பியிருக்கலாம். ஆனா ஒவ்வொரு மரையிலும் எவ்வளவு அழுக்குன்னு கைக்குத் தெரியாது. மேல சொன்ன கணக்குப்படி, ஒரே பலத்துக்கு ஒண்ணு ரெண்டு டன், ஒண்ணு மூணு டன்.

லேத்தில் கொடுத்து சர்ஃபேஸிங் பண்ணி வந்தாச்சு. போல்ட் இறுக்குற நேரம் வந்ததும், "நான் பண்றேன் அண்ணே"ன்னு ரெஞ்சை வாங்கினேன். மேனுவலில் அளவு கிலோகிராம் மீட்டரில் இருந்துச்சு. பத்தால் பெருக்கினா நியூட்டன் மீட்டர் வந்துடும்னு பெருமையா மனசிலேயே மாத்தி, ரெஞ்சில் அளவை வெச்சேன். அவர் குனிஞ்சு பாத்துட்டு, "தம்பி, அது எந்தப் பக்கத்து அளவு?"ன்னு கேட்டார்.

ரெஞ்சில் ரெண்டு அளவுகோல் இருந்துச்சு. நான் வெச்சது அடி-பவுண்டு பக்கம். 60 அடி-பவுண்டுன்னா 81 நியூட்டன் மீட்டர். மூணு டன்னுக்குப் பதிலா நாலு டன்னுக்கு மேல இழுத்திருப்பேன். ஒரு போல்ட் மரை பிளாக்கில் உரிஞ்சிருந்தா, கேஸ்கெட் செலவு போய் எஞ்சின் செலவு ஆகியிருக்கும். அப்பா பக்கத்துல டீ குடிச்சுக்கிட்டு நின்னார், அவருக்கு இது தெரியாது. இதைப் படிச்சாத்தான் தெரியும்.

அலகை வாய்விட்டுச் சொல்லிட்டு ரெஞ்சைத் திருப்புற பழக்கம் எனக்கு அன்னைக்கு வந்தது.

கேஸ்கெட் குற்றவாளி இல்ல

இறுக்கி முடிச்சதும் அந்த அண்ணன் ரேடியேட்டர் பக்கம் போனார். ஃபேனை நேரடியா பேட்டரியில் கொடுத்தார், ஓடுச்சு. ஆனா எஞ்சின் சூடாகும்போது அதை ஓட வைக்கிற சுவிட்ச் செத்துப் போயிருந்துச்சு. வேகமா ஓடும்போது எதிர்க்காத்தே ரேடியேட்டரை ஆத்திடும், குறை தெரியாது. பௌர்ணமி நெரிசலில் ஊர்ந்தப்போதான் ஃபேன் தேவைப்பட்டுச்சு, அது ஓடல. முதல் தடவை கேஸ்கெட்டை மட்டும் மாத்தி, அதைக் கொன்ன காரணத்தை அப்படியே விட்டுட்டாங்க.

இன்னொண்ணும் பாத்தோம். ரேடியேட்டருக்குள்ள வெள்ளையா படிவு. கூலன்ட்டுக்குப் பதிலா வருஷக்கணக்கா எங்க வீட்டு போர் தண்ணியைத்தான் ஊத்திக்கிட்டு இருந்தோம். அந்தத் தண்ணி நிக்கிற குடத்தோட உள்பக்கம் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். அதே படிவு ரேடியேட்டரோட மெல்லிய குழாய்களிலும் அடைச்சிருந்துச்சு. அதனால கேஸ்கெட் மாத்துறப்போ ஃபேன், ஃபேன் சுவிட்ச், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர், தண்ணி பம்ப் இந்த அஞ்சையும் பாக்காம வண்டியை வெளிய எடுக்காதீங்க.

கடைசியா, சரியான விகிதத்தில் கூலன்ட் ஊத்தி, உள்ள மாட்டின காத்தை வெளியேத்தி, ஃபேன் தானா ஓடுற வரைக்கும் எஞ்சினை நிறுத்தி வெச்சே ஓட விடுங்க. ஆறினதும் அளவைத் திரும்பப் பாருங்க. சில பழைய வகை கேஸ்கெட்டுகளுக்கு, கொஞ்சம் ஓடின பிறகு திரும்ப இறுக்கச் சொல்லி மேனுவலில் இருக்கும். பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட்டுக்குப் பொதுவா அது தேவையில்ல.

எங்களுக்கு மொத்தம் ரெண்டு பௌர்ணமி வருமானம் போச்சு. மூணாவது பௌர்ணமிக்கு அப்பா கிளம்பும்போது நானும் முன் சீட்டில் ஏறிக்கிட்டேன். திண்டிவனம் ரோட்டில் அதே நெரிசல், அதே முதல் கியர். முள் பாதிக்கு மேல ஏறுச்சு. சீட்டுக்கு முன்னாடி இருந்து ஃபேன் ஓடுற சத்தம் கேட்டுச்சு. முள் இறங்குச்சு. அப்பா ஒண்ணும் சொல்லல, ரேடியோ சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டி வெச்சார்.